மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்
மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883 – 1962) தமிழகத்தின் தொடக்ககாலப் பெண்ணிய எழுத்தாளர்களுள் ஒருவர். இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்த இவர், சிறு வயதிலேயே தாசி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டார். பின்னர் அவ்வாழ்க்கையை மறுத்துத் தம் ஆசிரியர் சுயம்புப் பிள்ளையை மணந்தார். காங்கிரசிலும், பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் பணியாற்றினார்.

1936ல் வெளிவந்த இவரது புதினம் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்". கதையைவிடப் பரப்புரையே அதில் மிகுதி எனலாம். ஆயினும், கோயில் தொண்டு, கலை என்று பிறர் போற்றிய தேவதாசி முறையில் பெண்கள் சுரண்டப்படுவதை அதனுள் வளர்ந்த ஒருவரே எழுதியது அன்று அரிது.

1938 நவம்பரில் சென்னையில் இந்தி எதிர்ப்பு மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி முன்னெடுத்த தேவதாசி ஒழிப்பு, 1947ல் சென்னை மாகாணச் சட்டமாயிற்று. அப்போது இவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.