ராணுவ ஹெலிகாப்டர்கள்: இந்தியாவின் பன்னாட்டுக் கூட்டு உருவாக்கம்

ராணுவத்துக்கான ஹெலிகாப்டர்களை இந்தியா அயல்நாடுகளோடு சேர்ந்து உருவாக்கிய வரலாறு 1962இல் தொடங்குகிறது. இதன் மையம் பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்.ஏ.எல்.). பங்காளிகளில் பிரான்சுக்கே முதலிடம், அடுத்து ஜெர்மனி. ரஷ்யாவும் அமெரிக்காவும் இந்தியாவுக்கு விற்ற ஹெலிகாப்டர்கள் பல. கூடிச் செய்தவை என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

பிரெஞ்சுக் காலம்

1962இல் பிரான்சின் சூத் அவியாசியோன் நிறுவனத்திடம் அலுவெத் 3 ரக ஹெலிகாப்டரைத் தயாரிக்க உரிமம் பெறப்பட்டது. பிரான்சிலிருந்து வந்த பாகங்களைக் கோத்து உருவான முதல் ஹெலிகாப்டர் 1965இல் பெங்களூரில் பறந்தது. ‘சேத்தக்’ என்று பெயர் பெற்ற இந்த ரகத்தில் 300க்கும் மேற்பட்டவை இங்கே தயாராயின. ஏழு பேர் அமரக்கூடியது. நோயாளியைத் தூக்கிவரவும், கடலில் தத்தளிப்பவரை மீட்கவும் கைகொடுப்பது. ஆனால் இது பிரெஞ்சு வடிவமைப்பை அப்படியே எடுத்துச் செய்ததுதான்.

மெய்யான கூட்டு உருவாக்கம் என்றால் அடுத்து வந்த லாமாவையே சொல்லவேண்டும். உரிமத் தயாரிப்புப் பட்டியலில் அதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம், அது சரியல்ல. இமயத்தின் உயரங்களில் காற்று மெலிந்திருக்கும். சுழலும் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினின் வலுவும் சரியும். அங்கே ஏறி இறங்க ஒரு ஹெலிகாப்டர் வேண்டும் என்று 1960களின் இறுதியில் இந்திய ராணுவம் கேட்டது. அந்தத் தேவைக்காகவே பிரெஞ்சுப் பொறியாளர்கள் அலுவெத் 2இன் எடை குறைந்த உடலில் அலுவெத் 3இன் எஞ்சினையும் சுழலியையும் பொருத்தினார்கள். 870 குதிரைத்திறன் தரவல்ல ஆர்த்தூஸ்த் எஞ்சின் 550 குதிரைத்திறனுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. தரைமட்டத்தில் பயன்படாமல் கிடக்கும் அந்த மிச்ச வலு, உயரத்தில் காற்று மெலியும்போது ஈடுகொடுக்கிறது.

லாமாவின் முதல் பறத்தல் 1969 மார்ச் 17. அதே ஆண்டில் இமயத்தில் நடந்த சோதனைகளில் அது சுமார் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி ஏறியது. 1972 ஜூன் 21 அன்று ழான் பூலே என்னும் விமானி பிரான்சில் அதை 12,442 மீட்டருக்குக் கொண்டுபோனார். உச்சியில் எஞ்சின் அணைந்துவிட, இறக்கைகளின் தற்சுழற்சியாலேயே தரைசேர்ந்தார். இந்தியாவின் கேள்விக்குப் பிறந்த ஹெலிகாப்டர் உலக உயரச் சாதனையைப் படைத்தது என்பது இங்கே போதிய அளவு பேசப்படவில்லை. அதே 1972இல் பெங்களூரில் கோக்கப்பட்ட முதல் லாமா, ‘சீட்டா’ என்ற பெயரில் பறந்தது. 1984இல் சியாச்சின் பனியாற்றில் படைகள் நிலைகொண்ட பிறகு, உச்சிக் காவல்நிலைகளுக்கு மண்ணெண்ணெய் கேன்களையும் ரேஷனையும் கொண்டுசேர்த்தது இதுதான்.

துருவ்

துருவ் ஹெலிகாப்டரை உருவாக்க 1984இல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. கீலில்லாத சுழலியை போ 105 ஹெலிகாப்டரில் முன்பே நிலைநிறுத்திக் காட்டிய நிறுவனம் அது. இரட்டை எஞ்சினும் நான்கு இறக்கைகளும் கொண்ட 5.5 டன் ஹெலிகாப்டர் 1992 ஆகஸ்டில் பறந்தது. படைகளுக்கு வழங்கப்பட்டது 2002இல். வடிவமைப்பு இந்தியருடையது, ஜெர்மானியர் தந்தது ஆலோசனை. ஒவ்வொன்றிலும் சேரும் பொருள்களின் மதிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு வெளிநாட்டிலிருந்தே வருகிறது என்று 2010இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை குறைகூறியதுண்டு. எக்வடோருக்கு விற்றவை விபத்துகளால் நிலைக்கவில்லை.

எஞ்சின்தான் தொடர்ந்து தலைவலி. தெரிவுசெய்த அமெரிக்க எஞ்சின், 1998 அணுகுண்டுச் சோதனையை அடுத்து வந்த தடையால் கைக்கெட்டாமல் போயிற்று. மறுபடியும் பிரான்சையே நாடவேண்டியிருந்தது. துர்போமெக்கா நிறுவனத்தோடு 2003இல் உடன்பாடு கண்டு உருவாக்கிய ‘சக்தி’ எஞ்சின், 2007இல் துருவில் ஏறிப் பறந்தது. கார்கில் போர் உணர்த்திய தேவைக்காக உருவான ‘பிரசண்ட்’ தாக்குதல் ஹெலிகாப்டரை இயக்குவதும் அதுவே.

ஐரோப்பிய நாடுகள் என்.எச்.90 போன்றவற்றைச் செலவையும் வேலையையும் பங்கிட்டு உருவாக்கின. அத்தகைய பங்கீட்டை இந்தியா ஏற்றதில்லை. ரஷ்யாவோடு கா-226டி ரகத்தில் 200 ஹெலிகாப்டர்களுக்கென 2015இல் கண்ட உடன்பாடும் ஏட்டளவில் நின்றது. அதற்குப் பொருத்தவிருந்த எஞ்சினும் பிரெஞ்சுக்காரர்களுடையதே.

தமிழகத்தில்

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் சேத்தக்கில் பயிற்சி பெறுகிறார்கள். சூலூரில் துருவ் ஓட்டும் ‘சாரங்’ சாகசக் குழு இருக்கிறது. சென்னையில் கடலோரக் காவல்படையின் துருவ் அணி 2022இல் அமைந்தது.

இன்றைய நிலை

2025 ஜனவரியில் போர்பந்தரில் நேர்ந்த விபத்தை அடுத்து துருவ்கள் தரையில் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் 156 பிரசண்ட்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 13 டன் ஹெலிகாப்டருக்கான ‘ஆரவல்லி’ எஞ்சினை எச்.ஏ.எல்.லும் பிரான்சின் சாஃப்ரானும் சேர்ந்து வடிவமைக்கின்றன.