கம்பம் பள்ளத்தாக்கு

தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் நடுவே கிடக்கும் நீண்ட வயல்வெளி. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என ஊர்கள் ஆற்றை ஒட்டியே வரிசையாக அமைந்துள்ளன. மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1997 ஜனவரியில் தேனி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 12.45 லட்சம். அதில் பாதிக்கு மேல் நகர்ப்புறம் என்கிறது கணக்கு. பேரூராட்சிகள் மிகுந்திருப்பதன் விளைவு அது. ஊருக்குள் போனால் நெல்லும் வாழையும் தென்னையும்தான்.

நெல்லுக்கு முன் இங்கே மாடுதான் செல்வம். ஆண்டிபட்டி வட்டத்தின் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த வீரனுக்கு நட்டது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். கம்பத்தில் ஒக்கலிகர் பேணிவரும் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாட்டுப் பொங்கலன்று இன்றும் கூட்டம் திரள்கிறது. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளும், உத்தமபாளையத்துப் பாறையில் உள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் நடுகற்களுக்கு அடுத்த காலத்துச் சான்றுகள். கன்னடம் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், பிரமலைக் கள்ளர், ராவுத்தர், மலையடிவாரத்துப் பளியர் எனப் பலரும் வாழும் நிலம் இது.

பள்ளத்தாக்கின் இன்றைய முகத்தை வரைந்தது 1895-ல் நிறைவான பெரியாறு அணை. மலைக்கு அப்பால் மழை கொட்டும். இப்பால் மழை மறைவு. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பழையது. தாது வருஷப் பஞ்சம்தான் அதற்கு அவசரத்தைக் கொடுத்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் செய்த ஒப்பந்தத்தின்படி குத்தகை 999 ஆண்டு. அப்போதைய ஆண்டு வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கருக்கு 40,000. பொறியாளர் பென்னி குவிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து அணை கட்ட, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் இறங்கியது. வைகையோடு சேர்ந்து அது மதுரைச் சீமைக்குப் போகிறது. வைகை பிறக்கும் வருசநாடோ மழையை நம்பியே கிடக்கிறது. ஆற்றின் பெயர் வைகை, அதில் ஓடுவதில் பெரும்பங்கு பெரியாறு.

இந்த நீரில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்ட அந்த ‘லோயர்கேம்ப்’பில் 2013-ல் பென்னி குவிக்குக்கு மணிமண்டபம் எழுந்தது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல் ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் சூட்டுவதும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்கு இந்த நாட்டில் இத்தகைய நன்றி கிடைப்பது அபூர்வம்.

இங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நிலமில்லாதவர்களின் கூலி மலைக்கு மேலே இருக்கிறது. விடிகாலையில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும், மாலையில் இறங்கும். அவர்கள் பறித்த ஏலக்காய் போடிநாயக்கனூரில் ஏலம் போகும்.

பெரியாறு அணையின் நீர்மட்டம் 1979-ல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. முதல்போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் முதல் தேதி. தென்மேற்குப் பருவமழை பிந்தும் ஆண்டில் அந்தத் தேதியும் தள்ளிப்போகும், நாற்றங்கால் காத்திருக்கும்.