சத்தம் ஏன் குறைஞ்சது? (பி.எஸ்.பி.யும் ஒரு பிரெஞ்சுச் சட்டமும்)

இன்டர்னல் முடிஞ்சு நாலு நாள் லீவு. படிக்க வேண்டியதை எல்லாம் விட்டுட்டு நான் உட்கார்ந்தது ஒரு பழைய பி.எஸ்.பி. மேல். அத்தை பையன் (எனக்கு அண்ணன்) காலேஜ் படிக்கும்போது வாங்கினது. பேட்டரி உப்பிப்போய் பத்து வருஷமா கூடுவாஞ்சேரியில் அவங்க வீட்டுப் பரண்ல கிடந்தது. "எடுத்துட்டுப் போடா"ன்னு கொடுத்துட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைஞ்சு ஒரு பேட்டரி வாங்கிப் போட்டேன். ஆன் ஆச்சு. அன்னைக்கு ராத்திரியே கஸ்டம் ஃபர்ம்வேரும் ஏத்தியாச்சு.

மறுநாள் தாம்பரத்தில் லோக்கல் ஏறி ஹெட்போனை மாட்டினா, சத்தமே போதல. வால்யூமை முழுசா வெச்சும், கிணத்துக்குள்ள இருந்து யாரோ பேசுற மாதிரி. ஃபர்ம்வேர்தான் கெடுத்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. ஆனா காரணம் தேடப் போனப்ப ஃபர்ம்வேரின் கதையோட ஒரு நாட்டுச் சட்டத்தின் கதையும் சேர்ந்து கிடைச்சது. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

முதலில் ஃபர்ம்வேர். பி.எஸ்.பி. ஜப்பானில் வெளிவந்தது 2004 டிசம்பர் 12. (நம்ம பீச்-தாம்பரம் பாதையில் 1931ல் இருந்து ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்னதும் அதே 2004தான். சம்பந்தம் ஒண்ணும் இல்லை, சும்மா சொன்னேன்.) அமெரிக்காவுக்கு 2005 மார்ச்சிலும், ஐரோப்பாவுக்கு 2005 செப்டம்பரிலும் வந்தது. ஜப்பானில் விற்ற முதல் கருவிகளின் 1.00 ஃபர்ம்வேர், சோனி கையெழுத்திடாத நிரலையும் கேள்வி கேட்காமல் ஓட்டியது. 1.50ல் கதவை மூடினார்கள். 2005 ஜூனில் ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு குழு அதையும் திறந்தது. எப்படித் தெரியுமா? இரண்டு மெமரி ஸ்டிக். ஒன்றைக் காட்டி அனுமதி வாங்கி, சரியான நொடியில் உருவிவிட்டு மற்றதைச் சொருக வேண்டும். மேஜிக் ஷோ மாதிரி! கொஞ்ச நாளில், ஃபோல்டர் பெயரில் ஒரு சதவீதக் குறி போட்டு இரண்டையும் ஒரே ஸ்டிக்கில் முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது பூனை-எலி விளையாட்டு. சோனி ஒரு ஓட்டையை அடைக்கும், யாராவது இன்னொன்றைக் கண்டுபிடிப்பார்கள். 2.00ல் ஒரு டிஃப் படத்தைத் திறந்தாலே உள்ளே நுழையலாம் என்று ஆனது. 2005 அக்டோபரிலேயே "டவுன்கிரேடு" என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு ட்ரோஜன் கிளம்பியது. கருவியின் முக்கியமான கோப்புகளை அழித்து அதைச் செங்கல் ஆக்கிவிடும். 2007ல் லூமினஸ் என்ற கட்டை அடுக்கும் விளையாட்டில் ஓட்டை கிடைத்ததும், யாரும் சீண்டாமல் கிடந்த அந்த டிஸ்க் திடீரென்று சூடாக விற்றது.

உண்மையான திருப்பம் 2006 அக்டோபர். டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயரில் இயங்கிய ஸ்பானிய நிரலாளர் 2.71 எஸ்.இ. என்ற ஒன்றை வெளியிட்டார். அதுவரை மக்கள் செய்ததெல்லாம் புதுசை விட்டுவிட்டுப் பழைய ஃபர்ம்வேருக்கு இறங்கிப் போவதுதான். இவர் சோனியின் புது ஃபர்ம்வேரையே எடுத்து, பூட்டை மட்டும் கழற்றிவிட்டுக் கொடுத்தார். 'கஸ்டம் ஃபர்ம்வேர்' என்று நாம் இன்றைக்குச் சொல்வது இதைத்தான். 2007 ஆகஸ்டில் பண்டோரா பேட்டரி வந்தது. பேட்டரிக்குள் இருக்கும் சீரியல் எண்ணை மாற்றிவிட்டால், சர்வீஸ் சென்டர் ஆள் வந்திருக்கிறார் என்று கருவி நம்பிவிடும். செங்கல் ஆன பி.எஸ்.பி.யும் உயிர்த்தெழுந்தது. சாஃப்ட்வேர் இல்லாதவர்கள் பேட்டரியைப் பிளந்து, உள்ளே இருக்கும் சின்ன சிப்பின் ஒரு காலை ஊசியால் தூக்கிவிட்டே சாதித்தார்கள். நம்ம ஊரில் ரேடியோ ரிப்பேர் பார்த்துப் பழகிய கைகளுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

இந்தக் கஸ்டம் ஃபர்ம்வேர் தந்தது திருட்டு கேம் மட்டும் இல்லை (அதுவும்தான், பொய் சொல்லக் கூடாது). பி.எஸ்.பி.யின் ப்ராசசர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஆனால் பேட்டரியைக் காப்பாற்ற, கேம்களுக்கு 222க்கு மேல் போக சோனி 2007 வரை அனுமதிக்கவில்லை. கஸ்டம் ஃபர்ம்வேரில் அதை நாமே மாற்றலாம். "காசு கொடுத்து வாங்கினது நான், அதன் முழு சக்தியை எனக்கு ஏன் மறைக்கிறாய்?" இந்தக் கேள்விதான் அந்தக் கூட்டத்துக்கே எரிபொருள். எனக்கும் இந்தக் கேள்வி பிடிக்கும். ஆனால் ப்ராசசரைப் பற்றிக் கேட்பதையே ஹெட்போன் சத்தத்தைப் பற்றியும் கேட்கலாமா? அங்கேதான் கதை மாறுகிறது.

பிரான்ஸ் 1996ல் ஒரு சட்டம் போட்டது. கையில் எடுத்துப் போகும் இசைக் கருவி எதுவும் 100 டெசிபலுக்கு மேல் சத்தம் தரக் கூடாது. வாக்மேன் தலைமுறையின் காது போகிறதே என்ற கவலை. ஆனால் கருவி மட்டும் சத்தம் போடுவதில்லையே? ஹெட்போனும் சேர்ந்ததுதானே? ஒரே கருவியில் ஒரு ஹெட்போன் அலறும், இன்னொன்று முனகும். அதனால் எப்படி அளப்பது என்று தனியாக ஐரோப்பியத் தரம் எழுத வேண்டியிருந்தது. 2000ல் வந்த முதல் பகுதி, கருவியையும் கூடவே விற்கும் ஹெட்போனையும் ஜோடியாக அளக்கிறது. 2003ல் வந்த இரண்டாம் பகுதி இரண்டையும் தனித்தனியாக அளந்து, கருவியிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்கு 150 மில்லிவோல்ட் என்று வேலி போடுகிறது.

இதில் முதலில் பெரிதாக மாட்டியது ஐபாட். 2002ல் பிரான்ஸில் விற்பனையை நிறுத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்த ஃபர்ம்வேரோடு திரும்ப வந்தது. கவனியுங்கள், ஃபர்ம்வேர்! உள்ளே இருக்கும் சர்க்யூட் அமெரிக்காவில் விற்பதுதான். பூட்டு மென்பொருளில் இருக்கிறது. மென்பொருளில் இருக்கும் பூட்டை ஊரில் உள்ள பசங்க விட்டுவைப்பார்களா? ஐரோப்பிய ஐபாடின் எல்லையை நீக்கவென்றே கோபாட் என்ற சின்ன மென்பொருள் சுற்றியது. இன்னொரு பக்கம் ராக்பாக்ஸ். 2001 கடைசியில் ஸ்வீடனில் பியோர்ன் ஸ்டென்பெர்க்கும் நண்பர்களும் தொடங்கிய திறந்த மூல ஃபர்ம்வேர் அது. முதலில் ஓடியது ஆர்க்கோஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியின் கருவியில்! பிறகு ஐபாடுக்கும் வந்தது. ஐரோப்பாவில் பலர் அதை ஏற்றியதே சத்தத்துக்காகத்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த ராக்பாக்ஸிலேயே பின்னால் 'வால்யூம் லிமிட்' என்று ஒரு செட்டிங் சேர்த்தார்கள். அடுத்தவன் போட்ட வேலியைப் பிடுங்கியவர்கள், தாங்களே ஒன்று நட்டுக்கொண்டார்கள். ஆனால் சாவி அவரவர் கையில்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே சட்டம் கிடையாது, வழக்கு உண்டு :-) 2006 ஜனவரியில் ஒருவர் ஐபாட் காதைக் கெடுக்கும் என்று வழக்குப் போட்டார். ஆப்பிள் அதே மார்ச்சில், வேண்டுமானால் வால்யூமுக்கு எல்லை வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. வழக்கு கடைசியில் 2009 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஒரு கருவியில் சத்தமாகக் கேட்க முடியும் என்பதாலேயே அது குறையுள்ள பொருள் ஆகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பி.எஸ்.பி. வந்த காலம் இந்த ரகளையின் நடுமத்தி. சோனிக்கு இதெல்லாம் புதுசில்லை. 1979ல் வந்த முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் மாட்டலாம், கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் பாட்டு அடங்கி, ஜோடியாகக் கேட்பவர்கள் பேசிக்கொள்ளலாம். பின்னால் வந்த வாக்மேன்களில் ஏ.வி.எல்.எஸ். என்று ஒரு வசதி வைத்தார்கள். சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கும். அதே பெயரில் அதே வசதி பி.எஸ்.பி.யின் சவுண்ட் செட்டிங்ஸிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் வாங்கிய பி.எஸ்.பி.யில் சத்தம் குறைவு என்ற புலம்பல் அந்த நாளிலிருந்தே உண்டு.

இப்போ என் கருவிக்கு வருவோம். ஸ்டிக்கரில் 3004 என்று இருந்தது. கடைசி எண் 4 என்றால் ஐரோப்பா, 1 என்றால் அமெரிக்கா, 6 என்றால் ஹாங்காங், சிங்கப்பூர் பக்கம். சரி, பிரெஞ்சுக்காரன்தான் குற்றவாளி என்று குதித்தேன். சந்தேகத்துக்கு சவுண்ட் செட்டிங்ஸையும் திறந்து பார்த்தேன். ஏ.வி.எல்.எஸ். ஆனில் இருந்தது!

நான் தொடவே இல்லையே? இங்கே கொஞ்சம் உள்விவகாரம். பி.எஸ்.பி.யின் உள் நினைவகம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. ஃபர்ம்வேர் இருப்பது முதல் பகுதியில். நாம் வைக்கும் செட்டிங்ஸ் இருப்பது அடுத்த பகுதியில். கஸ்டம் ஃபர்ம்வேர் கை வைப்பது பெரும்பாலும் முதல் பகுதியில்தான். பழைய ஆள் வைத்துவிட்டுப் போன செட்டிங் பத்து வருஷம் பேட்டரி இல்லாமல் கிடந்தாலும் அழியாது, புது ஃபர்ம்வேர் வந்தாலும் அப்படியே நிற்கும். பேட்டரி மாட்டியதும் ஃபர்ம்வேர் ஏற்றியதும் ஒரே நாள் என்பதால், முன்னால் சத்தம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவே வாய்ப்பில்லை. பாவம், சம்பந்தமே இல்லாத ஃபர்ம்வேரைத் திட்டிவிட்டேன்.

அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ஏண்ணா, ஏ.வி.எல்.எஸ். நீதான் போட்டியா?"

"ஆமாடா. கடைசி வருஷம் போட்டேன். காதுல கொய்ங்னு ஒரு சத்தம் ராத்திரியில நிக்கவே இல்லை. அம்மா கத்துனாங்க. அதான்."

"இப்ப சரியாயிடுச்சா?"

"எது?"

மறுபடி கேட்டேன். அவர் போனை வலது காதுக்கு மாற்றுவது கேட்டது. "இடது பக்கம் கொஞ்சம் கம்மிதான். பழகிடுச்சு."

கூடுவாஞ்சேரியிலிருந்து பார்க் வரை தினமும் போக வர ட்ரெயின், நாலு வருஷம். பி.எஸ்.பி. மட்டும் இல்லை, போனில் பாட்டு, எஃப்.எம்., எல்லாம்தான். இதனால்தான் வந்தது என்று டாக்டரும் அடித்துச் சொல்லவில்லையாம். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது தொழிற்சாலைகளுக்குச் சொல்லும் வழக்கமான கணக்கு. 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. அப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்! பிரான்ஸ் போட்ட உச்ச எல்லையே 100தான். அதில் கேட்டாலும், தாம்பரத்தில் ஏறினவனுக்கு மீனம்பாக்கம் பக்கம் வரும்போதே அன்றைய கோட்டா காலி. பீச் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

ஐரோப்பாவும் இதை உணர்ந்துதான் பிறகு அடுத்த முடிவுக்கு வந்தது. இயல்பாக 85 டெசிபல், மேலே போக வேண்டுமானால் எச்சரிக்கையைப் படித்து அனுமதி கொடுக்க வேண்டும், உச்சம் 100. போனில் வால்யூம் ஏற்றும்போது குறுக்கே வந்து கழுத்தறுக்கும் அந்த மெசேஜின் பூர்வீகம் இதுதான். 2018ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து, ஒரே அளவை வைத்துத் தடுப்பதைவிட வாரத்துக்கு எவ்வளவு கேட்டோம் என்று கூட்டிப் பார்ப்பதே சரி என்று தரம் எழுதின. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். நம்ம நாட்டில் 2000ல் வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்கின்றன. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. அதெல்லாம் தெருவுக்கு. காதுக்குள்ளே சொருகிக்கொள்வதைப் பற்றி அதில் பேச்சில்லை.

இதில் நான் யார் பக்கம் என்று கேட்டால், பூட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் பூட்டுவது எனக்குப் பிடிக்காது. பிரெஞ்சு சட்டத்தின் பிரச்சினையே அதுதான் என்று நினைக்கிறேன். சத்தம் குறைவு என்று மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது, எனவே உடைக்கத் தோன்றும். சோனியின் ஏ.வி.எல்.எஸ். மெனுவிலேயே இருக்கிறது. என்ன, அது எதற்கு என்று மெனுவில் ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால், அண்ணன் முதல் வருஷமே போட்டிருப்பாரோ என்னவோ.

நேற்று ஆஃப் பண்ணிட்டு ஏறினேன். சானடோரியம் வரை சூப்பரா இருந்தது. குரோம்பேட்டையில் கூட்டம் ஏறிச்சு, பக்கத்தில் நின்ற ஒருத்தர் என் ஹெட்போனைத் தட்டி, "தம்பி, பாட்டு எனக்கே கேக்குது"ன்னார். திரிசூலம் வந்ததும் மேலே ஒரு ஃப்ளைட் போச்சு, அது எனக்குக் கேட்கவே இல்லை. எல்லாரும் நிமிர்ந்து பார்த்ததால்தான் தெரிஞ்சுது. மெனுவுக்குள் போய் மறுபடி ஆன் பண்ணிட்டேன். இப்போ ட்ரெயின் நிக்கும்போது மட்டும்தான் கேம் மியூசிக் கேட்குது.