ஆற்றுப்படுத்தும் கலை



பத்துப்பாட்டு என்னும் சங்க நூல் தொகுதியில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு பாணனுக்குத் தான் சென்ற வழியைச் சொல்லி அனுப்புவான். நம் மாவட்டத்துப் பழனியும் திருஆவினன்குடி என்னும் பெயரால் திருமுருகாற்றுப்படையில் இடம் பெற்றுள்ளது. இன்று கல்லூரி மாணவருக்கு உற்ற துணையாய் நின்று உதவும் பணியாளரை ஆற்றுப்படுத்துநர் என்கிறோம். பெயர் பழையது, தொழில் புதியது. இத்தொழிலுக்கெனத் தனிப்பயிற்சி எவ்வாறு தோன்றியது, அஃது ஏன் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சங்ககாலப் பாணனுக்குச் சேர வேண்டிய ஊர் எது என்பதில் ஐயமில்லை. மாணவனுக்கோ எவ்வூருக்குச் செல்வது என்பதே கேள்வி. ஆகவே, நான் நடந்த வழி இது, நீயும் நட என்று கூறுதல் போதாது. இவ்வுண்மையை முறைப்படி ஆராய்ந்தவருள் முன்னோடி அமெரிக்க நாட்டுப் பிராங்க் பார்சன்ஸ். அவர் 1908ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் சீர்தூக்கிப் பொருத்துதல் என மூன்று படிகளை வகுத்தார். அவர் மறைவுக்குப் பின் 1909இல் வெளியான அவருடைய நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. அடுத்த சில ஆண்டுகளிலேயே நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரி, இப்பணிக்கெனப் பட்டதாரிகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது.

நம் நாட்டில், விடுதலை பெற்ற மறு ஆண்டே டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக்குழு அமைந்தது. 1949இல் அது அளித்த அறிக்கையில் மாணவர் நலனுக்குத் தனி இயலே உண்டு. பின்னர் 1952-53இல் உயர்நிலைக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். வழிகாட்டு அலுவலர்களைப் பயிற்றுவிக்க வட்டாரந்தோறும் மைய அரசு நிலையங்கள் திறக்க வேண்டும் என்று அக்குழு கூறிற்று. 1954இல் இதற்கென மைய நிலையம் ஒன்று தில்லியில் எழுந்தது. 1966இல் வெளிவந்த கோத்தாரி குழுவின் அறிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. மாணவர் நலப்பணி வெறும் உதவியன்று, கல்வியின் பகுதியே என்றும், ஆயிரம் மாணவருக்கு ஓர் ஆற்றுப்படுத்துநரேனும் வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

இவையெல்லாம் தலைநகரில் எழுதப்பட்டவை. நம் திண்டுக்கல் சமவெளியில் இதற்கு என்ன சான்று என்று கேட்பீர்கள். சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கு அருகே, டாக்டர் சௌந்தரமும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். 1956இல் நாட்டில் தொடங்கப்பெற்ற கிராம உயர்கல்வி நிலையங்களுள் ஒன்று அங்கே அமைந்தது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. சௌந்தரம் அம்மையார் 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று, கல்வித்துறைத் துணை அமைச்சராகவும் விளங்கினார்.

காந்திகிராமத்தின் முறையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அங்கே மாணவர் வாழ்வு வகுப்பறையோடு முடிவதில்லை. சாந்தி சேனை என்னும் அமைதிப்படையில் அவர்கள் பயின்றனர். சிற்றூர்களில் தங்கி மக்களோடு பழகினர். ஆசிரியரும் உடன் சென்றார். உடன் நடப்பவருக்கே மாணவனின் முகவாட்டம் தெரியும். ஆனால் முகவாட்டத்தைக் காண்பது வேறு. அதன் காரணத்தை அவன் வாயால் வரவழைத்து, அவனே முடிவு காணத் துணை செய்வது வேறு. முன்னது அன்பினால் வரும். பின்னது பயிற்சியினால் வரும்.

நம் பகுதியின் நிலையை எண்ணிப் பாருங்கள். தறி நெய்பவரின் மகளும், நூற்பாலைத் தொழிலாளியின் மகனும், பூந்தோட்டக் கூலியின் பிள்ளையும் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கின்றனர். பாடம் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறுகிறது. விடுதி புதிது, கட்டணக் கவலை பெரிது. வீட்டிலே கேட்கலாமென்றால், அவ்வழியில் முன்சென்றவர் எவருமிலர். என் தலைமையாசிரியர் பணிக்காலத்தில் தேர்வு முடிவு வெளிவந்ததும், ‘ஐயா, பிள்ளையை எதில் சேர்க்கலாம்?’ என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து விடை சொல்வது எளிது. பிள்ளையைத் தனியே அமர்த்தி, ‘உனக்கு எதில் நாட்டம்?’ என்று கேட்டால், பெரும்பாலும் முதல் விடை மௌனம். அம்மௌனத்தைக் காத்திருந்து கேட்கும் கலைக்கு, நான் பெற்ற ஆசிரியப் பயிற்சியில் ஒதுக்கப்பட்ட நேரம் மிகச் சிறிது.

அக்கலையைக் கற்க இன்று வழி உண்டு. உளவியலிலும் சமூகப் பணியிலும் முதுகலைப் படிப்புகள் உள்ளன. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு மைசூர் முதலிய இடங்களில் நடத்தும் வழிகாட்டல் பட்டயப் படிப்பில், ஆறு மாதம் வீட்டிலிருந்தே கற்றல், மூன்று மாதம் நேர்ப்பயிற்சி, மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி என ஓராண்டு அமைகிறது. குறுக்கிடாமல் கேட்டல், கேட்டதை வெளியிடாமை, தன் விருப்பத்தைப் பிறர்மேல் திணியாமை, தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதை உரிய மருத்துவரிடம் அனுப்புதல் ஆகியவை இப்பயிற்சியின் உயிர்நாடி.

2025ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், மாணவர் தற்கொலை பற்றிய வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிலையம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1966இல் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது அறிஞர் குழுவின் பரிந்துரை. இன்று நூறு பேர் பயிலும் சிறு நிலையத்துக்கும் ஒருவர் என்பது நீதிமன்றத்தின் ஆணை. இடையே கழிந்தவை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். இத்துணைக் காலம் கடந்ததற்கு விலை கொடுத்தவை இளம் உயிர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆணை பிறந்துவிட்டது, அதற்கேற்ற ஆட்கள் வேண்டுமே! பட்டம் பெற்றபின் என்ன செய்வது என்று எண்ணும் மாணவர்களே, இத்துறையையும் எண்ணிப் பாருங்கள். தமிழில் பேசி, நம் சிற்றூர்களின் வாழ்வை உணர்ந்து, முறையாகப் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் நம் கல்லூரிகளுக்குத் தேவை. மற்றவர்களுக்கு ஒரு சொல்: வழி கேட்பது இழுக்கன்று. பாணர்களும் கேட்டே நடந்தார்கள்.