ஜனாஸா எரிப்பும் விஞ்ஞான பாடமும்

ஒரு கூற்றுக்குச் சான்று வேண்டும், அதைப் பிறரும் சோதிக்க முடிய வேண்டும், புதிய சான்று வந்தால் முடிவு மாற வேண்டும். விஞ்ஞானத்தின் இயல்பு என்று ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்தது இதைத்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க, ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்த நாட்களை விட நெருக்கமான உதாரணம் இல்லை.

கொவிட்டால் இறந்தவர்களை அடக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று 2020 மார்ச் 24இல் உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியது. ஏப்ரல் 11இல் எரிப்பதைக் கட்டாயமாக்கி இங்கே வர்த்தமானி வந்தது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்றார்கள்.

கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கும் அது கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டது பிழையில்லை. சான்றைத் தேடாமலே விடையை முடிவு செய்ததுதான் பிழை. வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும். அதே நோயாளிகள் உயிரோடு பாவித்த மலசலகூடக் குழிகளும் இதே மண்ணில்தான் இருந்தன. அவற்றை யாரும் தடை செய்யவில்லை.

டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாட்களேயான பிள்ளையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

அதன் பின் பேசியவர்கள் மருத்துவர்கள். சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும், அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்குச் சான்றில்லை என்று அறிக்கை விட்டன. 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில், நீர் ஆய்வுகளின் முடிவுகளும் முன்வைக்கப்பட்ட பிறகு, அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அரசின் கணக்கில் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர்.

இதைப் படிக்கும் பிள்ளை "விஞ்ஞானம் நமக்கு எதிரி" என்று நினைத்துவிடக் கூடாது. விஞ்ஞானத்தின் பெயரால் அநியாயம் நடந்தது. அதற்குச் சான்றில்லை என்று காட்டியதும் விஞ்ஞானம்தான். அப்படிச் சொன்ன மருத்துவர்களில் பிற சமூகத்தவரும் இருந்தார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இதைப் பேசும்போது கோபத்தோடு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்: யார் சொன்னார், எதை வைத்துச் சொன்னார், யார் சோதித்தார்? நம் வட்சப் குழுக்களில் சுற்றிய தடுப்பூசி வதந்திகளிடமும் இதே கேள்விகளைப் பிள்ளைகள் கேட்கட்டும்.