எழுதப்படாத விலக்கு: கண்டி நகரின் பண்டிகை வெடிகளும் சட்டமும்

டிசம்பர் 31 நள்ளிரவில் வெடிச் சத்தம் கேளாத தெரு கண்டியில் அரிது. இலங்கையின் எந்த ஓசை விதியை எடுத்து வைத்துப் பார்த்தாலும் அந்த நேரம் அமைதி காக்கவேண்டிய இரவுதான். ஆனாலும் அதற்காக எவரையாவது பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. ஜூன் மாதத்துச் சாதாரணப் புதன்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு அஸ்கிரியவிலோ அம்பிட்டியவிலோ அதே வெடியைக் கொளுத்தினால் 119க்கு அழைப்புப் போகும். மருந்தும் ஒலியும் சட்டமும் மாறவில்லை, தேதி மட்டும் மாறியிருக்கிறது. அதிகாரிகளின் இந்தத் தேதிக் கணக்கைச் சோம்பலாகவோ ஊழலாகவோ பார்ப்பது வழக்கம். அது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான ஆட்சிமுறையின் விளைவு என்பதும், அந்தக் கணக்கு எழுத்தில் இல்லாததே அதன் உண்மையான குறை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பட்டாசு இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்குள் அடங்குகிறது. அதன் நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. உற்பத்தி, இறக்குமதி, களஞ்சியம், விற்பனை என்று ஒவ்வொரு படியிலும் அனுமதிப்பத்திரம் வேண்டும். நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கிம்புலாப்பிட்டிய போன்ற உற்பத்தி ஊர்களில் மருந்து வெடித்து உயிர்கள் போன அனுபவத்தைப் பார்த்தால் இந்தக் கண்காணிப்பின் நியாயம் புரியும். ஆனால் கடையிலிருந்து பொதியை வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு நடக்கத் தொடங்கியதும் இந்தச் சட்டத்தின் கவனம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ‘சட்டவிரோத வெடி’ என்ற சொல் கண்டியில் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறது: அனுமதியின்றிச் செய்து விற்ற வெடி ஒன்று, முறையாக வாங்கித் தகாத வேளையில் கொளுத்திய வெடி மற்றொன்று. முன்னதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. அயலவர் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பின்னதுதான்.

அந்தப் பின்னதற்கு இருப்பவை பொதுவான ஏற்பாடுகளே. தண்டனைச் சட்டக்கோவையின் 261ஆம் பிரிவு பொதுத் தொல்லையை வரையறுக்கிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் நிபந்தனைக் கட்டளை இட்டுத் தொல்லையை அகற்றச் சொல்லலாம். ஆலைப் புகை, நாற்றமடிக்கும் கோழிப்பண்ணை, மூடாத கிணறு ஆகியவற்றுக்கு இது நல்ல கருவி. அவை நாளைக்கும் அங்கேயே இருக்கும். வெடியோ பொலிஸ் வண்டி வந்து சேரும்போது சிவப்புக் கடதாசித் துண்டுகளாகிவிடுகிறது. பக்கத்து வீட்டாரின் பெயரைச் சொல்லி வாக்குமூலம் கொடுக்கவும் யாரும் முன்வர மாட்டார்கள், விடிந்தால் அதே ஒழுங்கையில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டுமே. எச்சரித்துவிட்டுப் போவதுதான் அதிகாரிக்கு எஞ்சுகிறது.

ஒலிபெருக்கியின் நிலை வேறு. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு அதற்கு முன்கூட்டியே அனுமதி கோருகிறது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9 அன்று, பிரதம நீதியரசர் சரத் என். சில்வாவின் தலைமையில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அத்தகைய அனுமதி வழங்கக் கூடாது என்று கட்டளையிட்டது. விருப்பமில்லாத செவிக்குள் ஓசையைத் திணிக்க எந்தச் சமயத்துக்கும் தனி உரிமை இல்லை என்பது அத்தீர்ப்பிலிருந்து பெறக்கூடிய நெறி. அந்த நெறி வெடிக்கும் பொருந்தும் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனால் கட்டளை பொருந்தாது: ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரமும் அதைப் பெற்ற ஒருவரும் உண்டு, ஒழுங்கையில் கொளுத்திய வெடிக்கு இரண்டுமே இல்லை.

அப்படியானால் ஒலியை அளந்து வழக்குப் போடலாமே என்பது படித்தவர்கள் உடனே சொல்லும் தீர்வு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே 23 வர்த்தமானியில் வந்த ஓசைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் அதற்கான எண்களைத் தருகின்றன. மாநகர, நகர சபை எல்லைகளுக்குள் பகலில் 63, இரவில் 50 டெசிபல். பிரதேச சபை எல்லைகளில் 55, 45. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், புனிதப் பிரதேசம் முதலியவற்றைச் சுற்றி 100 மீற்றருக்கு அமைதி வலயம், அங்கே 50, 45. இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. இந்த எண்கள் ஒரு கால அளவுக்குச் சராசரியாக்கிய ஒலிமட்டங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பத்தில் ஒரு வினாடி மட்டும் 100 டெசிபல் எழுப்பும் வெடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆற்றலை ஒரு மணி நேரத்துக்குப் பரப்பினால் ஏறத்தாழ 54 டெசிபல்தான் வரும். பகலில் கண்டி மாநகர எல்லைக்குள் மணிக்கு ஏழு வெடி வெடித்தாலும் 63ஐத் தாண்டாது. அதாவது தொட்டிலில் கிடக்கும் குழந்தையை ஏழு தடவை அலறி எழவைத்தவர் விதியை மீறவே இல்லை! தொடர்ந்து இரையும் இயந்திரத்துக்கு வகுத்த அளவுகோலைக் கணத்தில் முடியும் ஒலிக்கு நீட்டினால் இப்படித்தான் ஆகும். தென்னக்கும்புறப் பாலத்தைத் தாண்டிக் குண்டசாலைப் பக்கம் போனால் அனுமதி எட்டு டெசிபல் குறைகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மகாவலியின் அக்கரையிலிருந்து வரும் சத்தத்துக்கு எந்தக் கரையின் எண் பொருந்தும்?

கண்டியின் நிலவமைப்பு சிக்கலைக் கூட்டுகிறது. சுமார் 500 மீற்றர் உயரத்தில் அந்தானை மலைத்தொடரும் உடவத்தகெலைக் காடும் பைரவகந்தையும் சூழ்ந்த கிண்ணம் போன்ற நகரம் இது. வாகனப் புகை இங்கே தேங்கி நிற்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். வெடிப்புகைக்கும் போக வேறு வழி இல்லை. உடவத்தகெலை 1938இலிருந்து சரணாலயம். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பெருந்தொகையாகத் தொங்குகின்றன. தலதா மாளிகை, நீதிமன்றங்கள், பெரிய பாடசாலைகள், தேசிய வைத்தியசாலை ஆகியவற்றைச் சுற்றி 100 மீற்றர் வட்டங்களை வரைந்தால் நகர மையத்தின் பெரும்பகுதி காகிதத்தில் அமைதி வலயமாகிவிடும். அந்த வலயத்தின் நடுவிலிருந்துதான் எசல பெரஹெரா பீரங்கி வெடியோடு புறப்படுகிறது. அதில் எனக்குக் குறையில்லை. அறிவித்த நாளில், அறிவித்த நேரத்தில், பொறுப்பான ஒருவரின் கையால் வெடிக்கும் வெடியை இந்நகரம் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அறிவித்த நேரம் என்ற இந்தக் கருத்து கண்டிக்குப் புதிதல்ல, அதன் கதை கசப்பானது. கம்பளை அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலின் இருபுறமும் 100 யார் தூரத்துக்கு மேளம் இசைக்காமல் போகவேண்டும் என்று வல்லஹாகொட தேவாலயப் பெரஹெராவுக்கு அதிகாரிகள் நிபந்தனை விதித்தார்கள். தேவாலயத்தின் நிர்வாகப் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். 1815 கண்டி உடன்படிக்கை பௌத்தச் சடங்குகளுக்கு அளித்த உறுதியைக் காட்டி, 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் போல் ஈ. பீரிஸ் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டி, பிற்காலக் கட்டளைச் சட்டங்களே மேலோங்கும் என்றது. அதே ஆண்டு மே 28 வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலைப் பக்திப் பாடல் ஊர்வலம் நள்ளிரவுக்குப் பின்னரே கடக்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். ஊர்வலம் பிந்தித்தான் வந்தது. ஆனால் பள்ளிவாசல் மூடியிருக்கவில்லை. அங்கே மூண்ட சிங்கள-முஸ்லிம் கலவரம் சில நாட்களில் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவி இராணுவச் சட்டத்தில் முடிந்தது. அதன் கொடுமைகளைச் சட்டசபையில் எழுப்பியவர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதும் தமிழ் வாசகருக்கு நினைவிருக்கும்.

இந்த வரலாறு பொலிசுக்குக் கற்றுத்தந்தது என்னவென்று ஆவணங்களில் தேடவேண்டியதில்லை, நடைமுறையிலேயே தெரிகிறது. சத்தத்தின் அளவை விட அது யாருடைய சத்தம், எந்த நாளில், எந்தச் சந்தியில் எழுந்தது என்பதே இங்கே அதிகாரிக்கு முக்கியம். 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான திகன, தெல்தெனிய வன்செயல்களையும் ஊரடங்கையும் கண்ட மாவட்டத்தில் அப்படி யோசிக்காத பொறுப்பதிகாரியைத்தான் குறை சொல்லவேண்டும். ஒரே வெடி எல்லோருக்கும் ஒரே செய்தியைச் சொல்வதும் இல்லை. 1998 ஜனவரி 25 காலை தலதா மாளிகை வாசலில் வெடித்த குண்டுக்குப் பிந்திய ஆண்டுகளில், அடையாள அட்டையோடு நடந்த தமிழ்க் குடும்பம் தீபாவளி விடியலில் வெடி கொளுத்தத் தயங்கியிருந்தால் வியப்பில்லை. 2009 மேயில் போர் முடிந்தபோது தென்னிலங்கைத் தெருக்களில் வெடித்த வெடிகளைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டவர்களும் உண்டு. கிரிக்கெட் வெற்றியோ தேர்தல் முடிவோ வந்தாலும் இதே கதைதான்: வெடி சத்தமாக மட்டும் இருப்பதில்லை, எதிர்த்த வீட்டுக்கு ஒரு சேதியாகவும் போகிறது.

ஆகவே விருப்புரிமையை அதிகாரியிடமிருந்து முழுவதும் பறிக்க முடியாது. இந்திய அனுபவம் அதைக் காட்டுகிறது. அங்கே 1999இலேயே வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீற்றர் தூரத்தில் 125 டெசிபல் என்ற எல்லையை வகுத்து, அளவையைத் தெருவிலிருந்து தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். அது புத்திசாலித்தனம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரவு 8 முதல் 10 வரை என்று நேரம் குறித்து, மீறினால் அந்தக் காவல் நிலையப் பொறுப்பாளரே நீதிமன்ற அவமதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றது. வட இந்தியத் தீபாவளிக்கு அந்த நேரம் சரி. எண்ணெய் தேய்த்துக் குளித்து விடியற்காலையில் வெடி போடும் தமிழருக்கு அல்ல. தமிழ்நாடு அரசு நீதிமன்றத்தை மீண்டும் நாடவேண்டி வந்தது. இரண்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள இடம் கிடைத்ததும் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. அந்த நேரத்துக்கு வெளியே வெடித்தவர்கள் மீது மாநிலமெங்கும் வழக்குகள் பாய்ந்தன, மறு ஆண்டும் விடியலுக்கு முன்னரே வெடித்தார்கள். வழக்கத்தை அறியாமல் வகுத்த நேரம் காவலரையும் குடும்பத்தையும் ஒன்றாகச் சங்கடத்தில் தள்ளும்.

கண்டிக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை என்ற தடையை வெடிக்கும் அப்படியே நீட்டினால் டிசம்பர் 31 நள்ளிரவு தடைக்குள் விழும், தீபாவளி விடியலும் விழும். நள்ளிரவில் நகரம் முழுவதும் வெடிப்பதால் அந்த மீறலைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் பக்கத்தில் நாலைந்து வீட்டார் அதிகாலை ஐந்து மணிக்குக் கொளுத்தினால், அதைப் பொறுத்துக்கொள்வது அன்றைய கடமை அதிகாரியின் மனநிலையைச் சார்ந்திருக்கும். எழுதப்படாத விலக்கு எப்போதும் எண்ணிக்கையில் கூடியவர்களுக்கே வாய்க்கிறது. தாராளமான அதிகாரி இருப்பது இதற்குப் பரிகாரமாகாது, அவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

சித்திரைப் புத்தாண்டு வேறொரு வழியைக் காட்டுகிறது. கலாசாரத் திணைக்களத்தின் சுபநேரக் குழு வெளியிடும் நேரப்படி வருடம் பிறக்கிறது, அடுப்பு மூட்டப்படுகிறது, வெடியும் வெடிக்கிறது. தமிழர் தம் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள் என்றாலும் அதுவும் நிமிடம் குறித்த நேரமே. வருத்தக்காரர் உள்ள வீட்டில் ஜன்னலைச் சாத்தலாம், நாயை உள்ளே கட்டலாம். நேரம் தெரிந்த சத்தத்தை மனிதர் எவ்வளவோ தாங்கிக்கொள்வார்கள். புண்ணிய காலம் முடிந்து மூன்று நாளைக்குப் பிறகும் மிச்ச வெடியைப் பையன்கள் தீர்ப்பதுதான் முறைப்பாடாகிறது.

இதிலிருந்து என் பரிந்துரை பிறக்கிறது. கண்டி மாநகர சபையும் சுற்றியுள்ள ஹாரிஸ்பத்துவ, யட்டிநுவர, குண்டசாலைப் பிரதேச சபைகளும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே வெடி நேர அட்டவணையை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு பண்டிகைக்கும் அதன் வழக்கப்படி நேரம், அந்த நேரத்துக்கு வெளியே முழுத் தடை, வைத்தியசாலையைச் சுற்றிய 100 மீற்றருக்குள் எந்த நாளிலும் தடை. பட்டாசு விற்பனை அனுமதிப்பத்திரம் ஏற்கெனவே நிபந்தனைகளோடுதான் வருகிறது. அட்டவணையைக் கடையில் ஒட்டுவதையும் பொதியோடு கொடுப்பதையும் அதில் இன்னொரு நிபந்தனையாக்குவது பெரிய வேலை அல்ல. இப்படிச் செய்தால் நள்ளிரவு அழைப்புக்கு வரும் அதிகாரி டெசிபலை அளக்கவோ யாருடைய பண்டிகை என்று யோசிக்கவோ வேண்டியதில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

அட்டவணை போட்டால் எல்லாக் குழுக்களும் தம் நாளைச் சேர்க்கச் சொல்லி வரிசையில் நிற்கும் என்பது இதற்கு எழக்கூடிய வலுவான ஆட்சேபம். உண்மைதான், நிற்கும். அரசியல் வெற்றிகளுக்கும் விளையாட்டுக்கும் நேரம் ஒதுக்க முடியாது என்று சபை வெளிப்படையாகச் சொல்ல நேரும், அதற்குச் சில ஓட்டுகளை இழக்கவும் நேரும். இன்று அதே பேரம் பொலிஸ் நிலைய மேசையில் தொலைபேசி வழியாக நடக்கிறது. அமைச்சரையோ விகாராதிபதியையோ தெரிந்தவர் வெல்கிறார். சபை மண்டபத்தில் நடந்தால் கூட்டக் குறிப்பில் பதிவாகும், மறுப்பவர் காரணம் சொல்லவேண்டும், அக்காரணத்தை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம். வல்லஹாகொட நிலமேக்கு 1914இல் அந்த வாய்ப்பாவது கிடைத்தது: அவருக்கு விதித்த நிபந்தனை எழுத்தில் இருந்தது.