பனிக்காலத்தில் வேட்டைநாய் பராமரிப்பு

குளிர்நாடுகளில் வேட்டைநாயைப் பராமரிப்பது, அதன் உடல் உண்டாக்கும் வெப்பம் இழக்கும் வெப்பத்துக்கு ஈடுகொடுக்கிறதா என்று ஓயாமல் கவனிக்கும் வேலை. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள் ஆகியவற்றில் வேட்டைப் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கிப் பனிக்காலத்துக்குள் நீள்கிறது. வெளியே எத்தனை டிகிரி குளிர் என்பதை வைத்தே நாயை அழைத்துப்போகலாமா என்று அங்கே பலர் முடிவுசெய்கிறார்கள். அது தவறான அளவுகோல். வயிறு நிறைந்து, மயிர் உலர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் நாயைக் குளிர் எளிதில் வீழ்த்துவதில்லை. நனைந்த நாயையும், ஓடி ஓய்ந்து நிற்கும் நாயையும்தான் அது வீழ்த்துகிறது. ஆகவே பராமரிப்பின் மையம் ஈரமும் ஓய்வு நேரமும். வெப்பமானி காட்டும் எண்ணுக்கு அடுத்த இடம்தான்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். இதைக் காப்பது மயிரைவிட, மயிருக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்று. நார்வேஜியன் எல்க்ஹவுண்ட், கரேலியக் கரடிநாய், சைபீரியாவின் லைக்கா ஆகியவற்றுக்குக் கம்பளி போன்ற அடர்ந்த உள்மயிரும், அதை மூடும் முரட்டு மேல்மயிரும் உண்டு. உலர்ந்த பனித்தூள் இந்த மேல்மயிரில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனியோ உருகி உள்ளே இறங்கி, காற்றிருந்த இடத்தில் நீரை நிரப்பிவிடுகிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். மைனஸ் 20 டிகிரியில் உலர்ந்த காட்டில் ஓடும் எல்க்ஹவுண்டைவிட, பிளஸ் 2 டிகிரியில் வாத்தை எடுத்துவர ஏரிக்குள் நீந்திவிட்டுக் கரையில் அசையாமல் காத்திருக்கும் லாப்ரடார் அதிக ஆபத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். லாப்ரடாருக்கும் செசபீக் பே ரெட்ரீவருக்கும் நீரை விலக்கும் எண்ணெய்ப்பசை மயிரில் உண்டுதான். ஆனால் அது நீர் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் தடுக்காது. அடிக்கடி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் அந்தப் பசையும் போய்விடும். பிரிட்டனில் லாப்ரடார்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, வால் திடீரெனத் துவண்டு வலிக்கும் நோய்க்கு நீச்சலோடும், வசிக்கும் இடம் எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதோடும் தொடர்பு கண்டது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் தசைகூடப் பாதிக்கப்படலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

இதற்கு எழும் முதல் மறுப்பு, வட நாட்டு நாய்கள் யாருடைய பராமரிப்பும் இன்றித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவைதானே என்பது. மரபு காட்டுவது வேறு. சைபீரியக் காடுகளில் லைக்காவுடன் அணில், சேபிள் வேட்டையாடுவோர், பனி நாயின் மார்பளவு உயர்ந்ததும் நாயை நிறுத்திவிட்டுப் பொறிகளுக்கு மாறுவது வழக்கம். ஆழ்பனியில் ஒவ்வோர் அடியும் ஒரு தாவல்; நாய் வெகு விரைவில் சோர்ந்து நனைந்துபோகும். அதாவது, நாய் எதையும் தாங்கும் என்று அந்த வேட்டைக்காரர்கள் நம்பவில்லை. எப்போது நிறுத்துவது என்று அறிந்திருந்தார்கள். மேலும், பனிக்கால மயிர் பிறப்போடு வரும் நிலையான சட்டை அல்ல. பகல் குறுகுவதையும் குளிரையும் உணர்ந்து உடல் அதை வாரக்கணக்கில் வளர்க்கிறது. கணப்பிட்ட வீட்டுக்குள் ஆண்டு முழுவதும் படுத்திருந்த நாய்க்கு, எந்த இனமானாலும், அந்த அடர்த்தி முழுதாக வாய்ப்பதில்லை.

பாதங்களைப் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. ஆர்க்டிக் நரியையும் ஓநாயையும் வைத்து 1972-இல் வெளியான ஆய்வு, மைனஸ் 35 டிகிரி குளிரிலும் அவற்றின் பாதத் திசு உறைநிலைக்குச் சற்று மேலேயே காக்கப்படுவதைக் காட்டியது. வளர்ப்பு நாயின் பாதத்தில் தமனியும் சிரைகளும் நெருங்கி அமைந்து, வெளியேறும் இரத்தத்தின் சூடு திரும்பும் இரத்தத்துக்கு மாறும் ஏற்பாடு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்னர் விவரித்தார்கள். அப்படியானால் பாதத்துக்குக் காலுறை எதற்கு? பாதம் உறைந்துவிடும் என்ற பயத்துக்காக அல்ல. விரலிடை மயிரில் ஈரப்பனி உருண்டு கல்லாக இறுகி விரல்களைப் பிளக்கும். பனியின் மேலோடு உருகி மீண்டும் உறைந்தால் அதன் விளிம்பு கண்ணாடிச் சில்லுபோல் கீறும். சாலையில் தூவிய உப்பு அந்தக் காயத்தில் எரியும். நீள்மயிர் செட்டர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். விரலிடை மயிரைக் கத்தரித்துக் கொழுப்புக் களிம்பு பூசுவது பெரும்பாலும் போதும். காலுறை நழுவினாலோ இறுக்கினாலோ அதுவே புண்ணாக்கும் என்பதால், மேலோடு இறுகிய நாட்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது.

உணவு விஷயத்தில், பனிச் சறுக்குவண்டி இழுக்கும் சறுக்குநாய்களின் பந்தயங்கள் நிறையக் கற்றுத்தந்தன. மைனஸ் 10 முதல் மைனஸ் 35 டிகிரிவரை குளிரில் 490 கிலோமீட்டர் ஓடிய அலாஸ்கா நாய்களை அளந்த 1997-ஆம் ஆண்டு ஆய்வு, நாளொன்றுக்குச் சுமார் 11,200 கிலோகலோரி செலவாவதைக் கண்டது. வேட்டைநாய் இதை நெருங்குவதில்லை. அதே கலத்தில் அதற்கும் படைத்தால் கொழுத்துத்தான் போகும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளவை அல்ல, எரிபொருளின் வகையை. நெடுநேரம் ஓடும் நாய் கொழுப்பை எரித்தே ஓடுகிறது. ஆகவே பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே தீனியில் கொழுப்பைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் கணையம் அழற்சியுறலாம். பெரிய உணவு இரவில், வேட்டை முடிந்து நாய் அமைதியடைந்த பிறகு. காலையில் வயிறு நிறைய ஊட்டி உடனே ஓடவிடுவது, வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயத்தை வலிய அழைப்பது.

தண்ணீரோ பலரும் மறந்துபோகும் பொருள். பனியைத் தின்றுகொள்ளுமே என்பார்கள். மைனஸ் 20 டிகிரிப் பனியை உருக்கி உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர, லிட்டருக்கு ஏறக்குறைய 130 கிலோகலோரி செலவாகும். நாள் முழுதும் ஓடும் நாய்க்கு இந்த இழப்பு பெரிதல்ல என்பது உண்மை. பெரிய தடை வேறொன்று: புதுப்பனியில் பெரும்பகுதி காற்று, ஒரு லிட்டர் நீர் கிடைக்கப் பத்து லிட்டர் பனியை விழுங்க வேண்டும். எந்த நாயும் அவ்வளவு விழுங்காது. அதனால்தான் சறுக்குநாய் ஓட்டிகள் வெதுவெதுப்பான நீரில் இறைச்சியோ மீனோ கலந்து, மணம்காட்டிக் குடிக்கவைக்கிறார்கள். வேட்டைக்கும் ஒரு வெந்நீர்க் குடுவை அதிகப்படியல்ல.

ஓய்வு நேரத்துக்கு வருவோம். மூஸ் மான் வேட்டையில் நாய் தனியே காட்டுக்குள் ஓடி, மானைக் கண்டதும் குரைத்து ஓரிடத்தில் நிறுத்திவைக்கும்; வேட்டைக்காரர் வந்துசேர நெடுநேரம் ஆகலாம். ஓட்டத்தில் பெருகிய வெப்பம் இந்த நிற்பில் வடிந்துபோகிறது. எல்லா நேரமும் மேற்சட்டை போட்டுவிடலாமே என்றால், அடர்மயிர் நாய் ஓடும்போது கடுங்குளிரிலும் சூடேறி மூச்சிரைக்கும். சட்டை முட்கிளையிலும் சிக்கும். சட்டைக்குரிய இடம் வண்டியும் காத்திருப்பும்தான். குட்டைமயிர்ச் சுட்டுநாய்களும், நீரில் இறங்கும் நாய்களுக்கான நியோபிரீன் உடுப்பும் விதிவிலக்கு. வேட்டை முடிந்ததும் முதல் வேலை, துணியால் தோல்வரை துவட்டுவது. நடுக்கம் உடல் போராடுவதன் அடையாளம். சூடேறாமலே நடுக்கம் நின்று நாய் தள்ளாடினால் நிலைமை முற்றிவிட்டது, மருத்துவரிடம் விரைய வேண்டும். காதுநுனியோ வால்நுனியோ வெளிறி விறைத்திருந்தால் தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மெல்லச் சூடேற்ற வேண்டும். வண்டிக்கடியில் சொட்டிய உறைதடுப்புத் திரவத்தின் மீதும் ஒரு கண் இருக்கட்டும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும்.

இரவுக் கூண்டைப் பொறுத்தவரை, தரையிலிருந்து உயர்த்திய, நாய் சுருண்டு படுக்கும் அளவே உள்ள, காற்றுக்கு எதிர்ப்பக்கம் வாசல் வைத்த சிறு வீடு பெரிய அறையைவிட மேல். உடல்சூடே அதை நிரப்பிவிடும். உள்ளே வைக்கோல் போதும். போர்வை ஈரத்தை உறிஞ்சி உறையும். ஈரம்தான் முதன்மை என்றால் சட்டங்கள் ஏன் டிகிரியில் பேசுகின்றன என்று கேட்கலாம். வணிக வளர்ப்பாளர்களையும் ஆய்வகங்களையும் கட்டுப்படுத்தும் அமெரிக்கக் கூட்டரசு விதி, திறந்தவெளி வீடுகளில் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே படுக்கைப் பொருள் வேண்டும் என்றும், ஏறத்தாழ 1.7 டிகிரிக்கு இறங்கினால் அதைக் கூட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. சோதிக்க வரும் அதிகாரி அளந்து எழுத எண் தேவை, அது நியாயமே. ஆனால் அதே விதி, இரண்டு இடத்திலும் அந்தப் படுக்கை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது.